பசங்கள அடிக்கிற கோச்சுக்கு விசிலடிக்காதீங்கண்ணே

கபடில டூ ஆர் டை ரெய்டு எவ்ளோ கஷ்டம்னு ஆடுனவனுக்குத்தான் தெரியும். எதிர் டீம் பக்கம் பாடிப் போன ரெண்டு ரெய்டு வெறுங்கையா வந்தாச்சுன்னா மூணாவதுல பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லன்னா அவுட்டு, அதுக்கும் 30 செகண்டுதான். நேத்து கோட்டையூர் பக்கம் ராத்திரி மேட்ச்ல அப்படி மாட்டுன ஒரு சின்னப்பய முழங்கால் சிராய்ச்சு ரத்தத்தோட வெளிய வர்றான், அவன் கோச்சு எல்லார் முன்னாடியும் பின்மண்டையில ஓங்கி ஒண்ணு வைக்கிறாரு, சுத்தி நின்ன பெரிய மனுசங்க விசிலடிக்கிறாங்க. வயிறு எரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அந்தப் பய ரெய்டு போறப்பல்லாம் எதிர் டீம பார்க்கல, கோச்சு மூஞ்சியத்தான் பார்த்தான்.

நடுவர வீட்டுப் பொம்பளைங்கள இழுத்துத் திட்டுறதும் வேணாம்ணே. 2023 ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் ஃபைனல்ல நாமளும் ஈரானும் 28-28ல இருக்கப்ப நம்ம பவன் செராவத் லாபிக்குள்ள, அதாவது கோர்ட்டோட ஓரப் பட்டைக்குள்ள போனதுக்கு வீடியோ எல்லாம் வெச்சுக்கிட்டே தீர்ப்ப மாத்தி மாத்தி சொல்லி மேட்ச்சே நின்னுபோச்சு, அப்புறம்தான் 33-29ன்னு ஜெயிச்சோம். இங்க ரீப்ளேயும் கிடையாது ஒண்ணும் கிடையாது, போனஸ் பாயின்ட்டுக்கான கோட்டத் தாண்டி ஒரு கால் ஊனுறப்ப இன்னொரு கால் தரைய விட்டு எந்திரிச்சிருந்துச்சான்னு அந்த மனுசன் ஒரு நொடில சொல்லணும்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பொங்கலுக்கு டோர்னமென்ட் வைக்கிற கமிட்டி அண்ணனுங்களா, கை நீட்டுற கோச்சுக்கு கிரவுண்டுல இடமில்லன்னு மேட்ச்சுக்கு முன்னாடியே மைக்ல சொல்லிருங்க.