வவ்வால் என்று வாங்கிய மீனும் மூன்று போட்டோவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆறு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. மீன்கடையில் வெள்ளை வவ்வால் விலையைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் நகர்ந்தபோது, பக்கத்துத் தட்டில் அதே மாதிரி வட்டமாக, தட்டையாக ஒரு மீன் கிலோ 200 ரூபாய்க்குக் கிடந்தது. கடைப் பையன் அதையும் வவ்வால் என்றுதான் சொன்னான். நம்பவேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் நம்பிவிடுவோம் இல்லையா, மூன்று மீன் வாங்கினேன். இரண்டை வெட்டிக் கொடுத்தான், ஒன்றை வீட்டில் முழுசாகப் பொரிக்கலாம் என்று அப்படியே எடுத்து வந்தேன்.

அம்மா பையைத் திறந்ததுமே, "இது எந்த ஊரு வவ்வாலுடா?" என்றாள். அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். ஆனாலும் எனக்கு வீம்பு, போனை எடுத்து மீன் அடையாளம் சொல்லும் செயலி ஒன்றைத் திறந்தேன்.

முதலில் வெட்டிய துண்டுகளைப் படம் எடுத்தேன். திலாப்பியா, அதாவது நம் ஜிலேபி, என்றது. சரி, துண்டில் என்ன தெரியும் என்று முழு மீனை சிங்க்கில் வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்தேன். வவ்வால் என்றது! அம்மாவிடம் காட்டினேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் மொட்டைமாடியில் பேப்பர் விரித்து, தலை இடப்பக்கம் வருகிற மாதிரி படுக்கப்போட்டு, துடுப்பை விரித்து, ஒரு விரலால் வாயைத் திறந்து மூன்றாவதாக எடுத்தேன். இப்போது வந்த பதில் பாக்கு என்றொரு மீன். அடுத்த வாய்ப்பாக பிரானா!

பாக்கு பிரானாவின் உறவுக்கார மீன்தான், அமேசான், ஒரினோகோ ஆறுகளைச் சேர்ந்தது. ஆந்திராவில் குளங்களில் வளர்க்கிறார்கள், ரூப்சந்த் என்ற பெயரில் விற்கிறது, நம் பக்கம் ஏரி வவ்வால் என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால் ஒரு நொடி திக்கென்று இருக்கும், மனிதக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வைத்தது போல வரிசையாகப் பல். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக, முள்ளே இல்லாத ஒரு சதைத் துடுப்பும் உண்டு. வெள்ளை வவ்வாலுக்கு அந்தச் சதைத் துடுப்பும் கிடையாது, வயிற்றடித் துடுப்பும் கிடையாது. இது தெரிந்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம், போனே தேவையில்லை. (குழம்பு நன்றாகத்தான் இருந்தது. முள்தான் அதிகம்.)

ஒரே மீனுக்கு மூன்று பதில் ஏன் என்று பிறகு யோசித்தேன். இந்தச் செயலிகள் பெயர் ஒட்டிய லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. அந்தப் படங்களில் பெரும்பங்கு நீருக்கடியில் உயிரோடு நீந்தும் மீனோ, தூண்டில்காரர் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் மீனோ. நம் மீனோ செத்து, நிறம் வெளுத்து, ஐஸில் கிடந்து, மேலே குண்டுபல்பு வெளிச்சம் பளபளக்க, பக்கத்து மீன் மேல் பாதி படுத்திருக்கும். மொத்த உருவத்தைப் பார்த்து அது யூகிக்கிறது, பல் தெரிந்தால்தானே பல்லைக் கணக்கில் எடுக்கும்? தெரியாத மீனைக் காட்டினாலும் தனக்குத் தெரிந்த பட்டியலிலிருந்து ஏதோ ஒரு பெயரை எடுத்து நீட்டுவதுதான் இதில் பெரிய வம்பு.

பெயர்க் குழப்பம் தனிக்கதை. அரட்டையடிக்கும் ஏஐ ஒன்றிடம் கானாங்கெளுத்தி படத்தைக் கொடுத்து, பெயரையும் நானே சொன்னேன். பெயரில் கெளுத்தி இருக்கிறதே, உடனே கெளுத்தி வகை என்று மீசையெல்லாம் வைத்து வர்ணிக்க ஆரம்பித்துவிட்டது. அது கெளுத்தியே இல்லை, அயிலை; அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. அந்த அறிவியல் பெயரில் இருக்கும் கனகுர்த்தா தெலுங்குப் பெயர், விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் என்ற இயற்கையியலாளர் 1803இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. சீலாவும் இப்படித்தான். சென்னையில் சீலா என்றால் நீள வாயும் கூர்ப்பல்லும் உள்ள ஊளி, தெற்கே போனால் அதே பெயர் வஞ்சிரத்துக்கு. அதனால் இப்போதெல்லாம் செயலியிடம் தமிழ்ப் பெயர் கேட்பதில்லை, அறிவியல் பெயரை வாங்கிக்கொண்டு ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் இணையதளத்தில் போய்ப் படத்தை ஒப்பிடுகிறேன்.

உயிரினங்களின் படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். கணினி யூகம் சொன்னபிறகு மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் இனத்தின் பெயர் நிற்கும். அங்கே நான் போட்ட ஒரு வஞ்சிரத்துக்கு, "பக்கவாட்டுக் கோடு தெரிகிற மாதிரி வேறு படம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வஞ்சிரம் என்று நாம் வாங்குவதே ஒரே இனம் இல்லை. உடம்பில் குறுக்கே அலையலையாய்ப் பட்டை இருந்தால் ஒன்று, வரிசை வரிசையாய்ப் புள்ளி இருந்தால் இன்னொன்று. ஐஸில் பட்டையும் புள்ளியும் மங்கிப்போனாலும் பக்கவாட்டுக் கோடு, அதாவது உடம்பின் பக்கத்தில் தலைப்பக்கமிருந்து வால்வரை ஓடும் கோடு, இருக்கும், பட்டை போட்ட இனத்தில் அது இரண்டாம் முதுகுத் துடுப்புக்குக் கீழே சட்டென்று இறங்கும், புள்ளி போட்டதில் மெதுவாக வளையும்.

நேற்று தெருவில் மீன் கொண்டுவரும் அக்காவிடம் அந்தக் கோட்டைப் படம் எடுக்கக் கேட்டேன். ஈரத்துணியால் மீனைத் துடைத்து, வெயில் பக்கம் திருப்பி, முதுகுத் துடுப்பை அவரே தூக்கிப் பிடித்தார். நாலு படம் எடுத்தேன். ஃப்ளாஷ் போடாததால் கோடு துல்லியமாக விழுந்தது, சட்டென்று இறங்கும் இடம்கூடத் தெரிந்தது.

"படம் புடிச்சாச்சா தம்பி? அரைக் கிலோ போடவா, ஒரு கிலோவா?"

அரைக் கிலோ வாங்கினேன்.