6.9

தேவிபட்டினம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது நடந்தது. கருவாட்டு வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர், இதய பலவீனத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், கைகால் ஓய்ந்துபோகிறது என்று வந்து படுத்தார். மெஷின் பொட்டாசியம் 6.9 என்றது. 3.5-லிருந்து 5 வரைதான் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் கொட்டி, இப்படிப் பொய்க் கணக்கு வருவதுண்டு. ஆனால் குழாயில் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர், வெளிறிய வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது, சிவப்புச் சாயலே இல்லை. கண்ணால் பார்த்தும் நம்பாமல் மறுபடி ஊசி குத்தி இருபது நிமிஷத்தை வீணடித்தேன். மறுபடியும் 6.9.

இ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் டி அலை கூடாரம் போலக் கூராக நின்றது; பொட்டாசியம் ஏறியதன் அடையாளம் அது. டாக்டர் முதலில் கால்சியம் போட்டார்; அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் காக்கும். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின். சுகர் இல்லாதவருக்கு எதற்கு என்று கேட்டேன். இன்சுலின் செல்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும் என்றார். சில மணி நேரம்தான் தாங்கும்.

சரி, ஏறியது எப்படி? மாத்திரைச் சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் இருந்தது, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் சோடியம் வாசலைத் திறக்கும் என்றுதான் படித்திருந்தேன், வாலிநோக்கம் உப்பளத்தில் மடை திறப்பதைப் போல. உள்ளே நடப்பது வேறு. செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம் வாசல்களை நெட்4-2 என்ற புரதம் அடையாளம் வைத்து, பிடுங்கி அழிப்பதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் வந்தால் எஸ்ஜிகே1 என்ற புரதம் உருவாகி, நெட்4-2 மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் கையைக் கட்டிவிடுகிறது. மடையைப் பெயர்த்துக்கொண்டு போகிறவனைப் பிடித்து உட்கார வைக்கிற வேலை. வாசல்கள் மிஞ்சினால் சோடியம் சிறுநீரிலிருந்து செல்லுக்குள் திரும்பி வரும். அந்த மின் இழுப்பில் பொட்டாசியம் வேறு வாசல் வழியாகச் சிறுநீருக்குப் போகும். ஸ்பைரோனோலாக்டோன் ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் சோடியம் போகும், பொட்டாசியம் தங்கும்.

அதோடு பெரியவர் சொன்னார்: “உப்பை விடச் சொன்னாங்க தம்பி, கருவாட்டையே தொடுறதில்லை. தாகத்துக்கு இளநீர்தான். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு.” இளநீரில் உப்புக் கரிக்காது, பொட்டாசியம் மட்டும் நிறைய. யாரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட.

மறுநாள் 5.1. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, “அப்ப மோர் குடிக்கலாமா தம்பி?” என்றார். டாக்டர் அறையைக் கைகாட்டினேன்.