வேர்க்கால்வாய் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

பேராதனையில் பல்மருத்துவம் படிக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் இறுதியாண்டு நெருங்கியதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணை, இந்த வேர்க்கால்வாய் வகையளை எப்பிடிப் பாடமாக்கினீங்கள்?" பாடமாக்கவில்லை, கீறிப் பார்த்தேன்.

பல் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்தான் வேர்க்கால்வாய். அதை வெர்ட்டூச்சி என்ற ஆய்வாளர் 1984இல் பிரித்த எட்டு வகைகளையும், மேலிருந்து நுனிவரை எத்தனை கால்வாய் என்ற இலக்கங்களாக எழுதினாலே அரைவாசி வேலை முடிந்துவிடும். மேலிருந்து நுனிவரை ஒரே கால்வாய் என்றால் 1. இரண்டாகப் புறப்பட்டு ஒன்றாக முடிந்தால் 2-1. ஐந்தாம் வகை 1-2, ஏழாம் வகை 1-2-1-2. எட்டையும் ஒரே கொப்பித் தாளில் பக்கம் பக்கமாகக் கீறுங்கள். சதவீத அட்டவணைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவை ஆய்வுக்கு ஆய்வு, நாட்டுக்கு நாடு மாறுபவை.

வைவாவில் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "இன்னொரு கால்வாய் இருக்கும் என்று ஏன் சந்தேகப்படுகிறீர்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கண் பழக வேண்டும். கீழ் முன்கடைவாய்ப்பல்லில் கால்வாய் அகலமான கருங்கோடாக இறங்கி, வேரின் நடுவில் சட்டென்று மங்கி மறைகிறதா? அடைபட்டுவிட்டது என்று அவசரப்படாதீர்கள், அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கலாம். இரணைமடு வாய்க்கால் கிளை பிரிந்ததும் ஒடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கால்வாய்க்குள் ஃபைல் (கால்வாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி) வைத்து எடுத்த படத்தில், ஃபைல் வேரின் நடுவில் நிற்காமல் ஒரு கரைக்கு ஒதுங்கியிருந்தால் மற்றக் கரையைச் சந்தேகியுங்கள். மேல் முதலாம் கடைவாய்ப்பல்லின் மெசியோபக்கல் வேரில் (முன்பக்கக் கன்னப்புற வேரில்) உள்ள எம்பி2 என்ற இரண்டாவது கால்வாய் நேர்ப்படத்தில் அதே வேரின் முதற்கால்வாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரே குழாயை மெசியல் பக்கம் (வாயின் முன் நடுக்கோட்டுப் பக்கம்) நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் இரண்டும் விலகும். குழாய் போன பக்கமே போவது அண்ணப்பக்கக் கால்வாய், எதிர்ப்பக்கம் போவது கன்னப்பக்கத்தது. இதுதான் எல்லோரும் சொல்லும் ஸ்லொப் விதி (SLOB: Same Lingual, Opposite Buccal). தடுமாறினால் இரண்டு பென்சிலை முன்னும் பின்னுமாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடித் தலையை இடப்பக்கம் நகர்த்துங்கள். தூரத்துப் பென்சில் உங்களோடு வரும், கிட்ட உள்ளது எதிரே ஓடும். கண்தான் குழாய். அப்புறம் மறக்காது.

கீழ் முதலாம் கடைவாய்ப்பல்லில் டிஸ்டல் (பின்பக்க) வேரின் கரை இரட்டைக் கோடாகத் தெரிந்தால், நாக்குப் பக்கம் மூன்றாவது வேர் இருக்கலாம். பெயர் ரேடிக்ஸ் என்டோமோலாரிஸ். கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் வேர்கள் ஒட்டிக் கூம்பாகத் தெரிந்தால் 'C' எழுத்து வடிவக் கால்வாயை நினையுங்கள். இரண்டும் கிழக்காசிய மக்களிடம் அதிகம். அதற்காக எங்கட ஆட்களுக்கு வராது என்று சொல்லிவிடாதீர்கள்.

சிபிசிடி (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) பற்றி ஒரு விஷயம். எதைக் கேட்டாலும் "சிபிசிடி எடுப்பேன்" என்று தொடங்குவது எனக்குப் பிடிக்காத பதில். கதிர்வீச்சு அதிகம், பக்கத்தில் உலோக நிரப்பல் இருந்தால் படம் கலங்கும். வன்னியில் வேலைக்கு வந்தால் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கப்போவதும் ஓரிரு பற்களை மட்டும் காட்டும் சின்னப் பெரியபிக்கல் எக்ஸ்ரே படம்தான். முதலில் கோணம் மாற்றி எடுத்த படத்தைச் சொல்லுங்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால், அந்தப் பல்லுக்கு மட்டும் சிறிய பரப்பில் சிபிசிடி என்று சொல்லுங்கள். குறுக்குவெட்டுகளை மேலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, கால்வாய் எந்த மட்டத்தில் பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று சொன்னால் சரி.