இருபது பிரதிகள் வீணான பிறகு

நீர்வண்ணத்தில் வரைந்த ஒரு வானம். விடிவதற்குச் சற்று முன், கீழே கருப்பாக மரங்கள், ஓரத்தில் ஒரு கீற்று பிங்க். பார்த்த நாலைந்து பேர் தங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். உடனே போனில் படம் பிடித்தேன், ஃபைலை அனுப்பினேன், ஒரேயடியாக 20 பிரதிக்கு ஆர்டர் கொடுத்தேன். எண்ணிக்கை கூடினால் ஒரு பிரதியின் விலை குறையும் என்று கணக்கு.

வந்து சேர்ந்தவற்றில் விடியலே இல்லை. வானம் கருத்து, நீலம் ஊதாவாகி, தாளின் வெள்ளை சாம்பல் பூத்திருந்தது. கீழ் ஓரத்தில் என் கையெழுத்தையே வெட்டியிருந்தார்கள். ஒரு வாரம் அச்சுக் கடையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தபோதுதான் தெரிந்தது, முக்கால்வாசிக் கோளாறு என் பக்கம் என்று.

முதலில் திரை. என் மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதில் சரியாகத் தெரியும் படம் தாளில் இருண்டுதான் விழும். தாள் தானாக ஒளி விடாதே. இப்போது ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் இருக்கும் வெற்று வெள்ளை அதோடு ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஃபைலைத் தொடுகிறேன். திரையின் நிறத்தை அளவிடும் கருவி வாங்காதவர்களுக்கு இதுவே பெரிய உபகாரம்.

அடுத்து, ஸ்கேன். வீட்டில் இருந்த பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் வைத்தேன். தாள் நெளிந்திருந்த இடமெல்லாம் மங்கல். மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை, உணரி கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டியிருக்கும். கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே அவற்றுக்குத் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் மேலே தூக்கினாலும் மங்கிவிடும். லென்ஸ் வழியே பார்க்கும் சிசிடி வகை கனமாக, பழைய காலத்துப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் அந்த நெளிவைத் தாங்கும். நண்பர் ஒருவரிடம் அப்படி ஒன்று சும்மா கிடந்தது, இரவல் வாங்கினேன். அதற்கு முன் ஓவியத்தின் பின்பக்கம் லேசாக நீர் தெளித்து, உறிஞ்சு தாள்களுக்கு நடுவே வைத்து, இரவு முழுக்கப் புத்தகங்களைப் பாரமாக ஏற்றினேன். நெளிவு பெருமளவு போய்விட்டது. மனம் மட்டும் விடியும்வரை படபடவென்று இருந்தது.

ஏ4 அளவுப் பரப்பை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4961 × 7016 பிக்சல் கிடைக்கும். ஏ2 அளவுக்குப் பெரிதாக்கினாலும் 300 டிபிஐ மிஞ்சும். மென்பொருளில் ‘தானாகத் திருத்து’ என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு, தரம் குறையாத டிஃப் ஃபைலாகச் சேமித்தேன். இன்னொரு தொல்லை, சொரசொரப்பான தாளின் மேடுபள்ளம். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், வெளிர் வானம் மணல் தூவியது போலாகும். ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து, கணினியில் அதை நேராக்கி, முதல் ஸ்கேன் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்தால் நிழல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டையும் பிசகாமல் பொருத்த ஒரு மாலை முழுக்கப் போனது.

பிறகு கடை தேடினேன். விலைப்பட்டியல்களில் ‘ஜிக்ளே’ என்றால் விலை ஒரு படி ஏறுகிறது. 1991இல் ஜாக் டுகேன் என்ற அச்சுக் கலைஞர், பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உண்டாக்கிய பெயர் அது. விஷயம் இங்க்ஜெட் பிரிண்ட்தான். ஆரம்ப காலத்தில் அந்தப் பெயரில் வந்த பிரதிகள் கரையும் சாயமான டை மையில் அடிக்கப்பட்டு வெளுத்துப்போனதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு மையைக் கேட்டேன்: டையா, பிக்மென்டா? நுண்துகள்களால் ஆன பிக்மென்ட் மைதான் வெளிச்சத்தில் நெடுநாள் தாங்கும்.

ஒரு இடத்தில், “எந்த ஃபைல் வேணும்னாலும் அனுப்புங்க, போட்டுடலாம்” என்றார்கள். அங்கே போகவில்லை. இன்னொருவர் ஃபைல் எந்தக் கலர் ப்ரொஃபைலில் (நிறங்களை எப்படிப் படிப்பது என்று ஃபைலில் இருக்கும் குறிப்பு) இருக்கிறது என்று கேட்டார், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலேயே விடுங்கள், நீங்களாக அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றாதீர்கள் என்றார். அங்கேயே கொடுத்தேன்.

பணம் மிச்சமானது சோதனைத் தாளில்தான். ஒரே ஏ4 பக்கத்தில் வானம், மரக் கருப்பு, வெளிர்ப் பூச்சு, பிங்க் என நான்கு இடங்களிலிருந்து துண்டுகளை வெட்டி அடுக்கினேன். ஒவ்வொன்றையும் மூன்று வெளிச்ச அளவுகளில் வைத்து, அடியில் எண் போட்டேன். ஒரு பிரதியின் செலவில் பன்னிரண்டு விடைகள். அதை ஜன்னலோரம் அசல் ஓவியத்தின் பக்கத்தில் பிடித்தபோது இரண்டாம் அளவு சரியாக இருந்தது. பிங்க் மட்டும் எந்த அளவிலும் வரவில்லை. நான் பூசியது ஒளிரும் நிறம். சாதாரண மைகளால் அதை எட்ட முடியாது. நீலத்தைக் கெடுத்து அதை இழுக்கப் பார்ப்பதைவிட, கொஞ்சம் அடங்கிய பிங்கே போதும் என்று விட்டுவிட்டேன்.

தாளில் பருத்தி 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அழகுதான், விலை அதிகம். அமிலமில்லாத மரக்கூழ் மேட் (பளபளப்பில்லாத) தாள் எடுத்தேன். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளை மட்டும் தவிர்த்தேன். அந்த வெள்ளை, ஒளிர்ப்பான் என்ற வேதிப்பொருள் சேர்த்ததால் வருவது. நாளாக ஆக அதன் வீரியம் குறைந்து தாள் மஞ்சளாகத் தெரியும். கையெழுத்து வெட்டுப்பட்டதற்குக் காரணம் விகிதம்: என் ஓவியம் 4:5, ஏ4 கிட்டத்தட்ட 5:7. இந்தமுறை சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு நானே ஃபைலை ஏ4 ஆக்கினேன். ஒரு ஏ3 தாளில் இரண்டாக அடித்து, இரும்பு ஸ்கேல் வைத்து நானே வெட்டினேன். எண்ணிக்கை ஆறுதான். ஃபைல் கையில் இருக்கிறது, கேட்கிறவர் வந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

வந்தவற்றை ஒரு நாள் விரித்து உலரவிட்ட பிறகே, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அட்டைச் சட்டம் வைத்து மாட்டினேன்.

பழைய 20இல் இன்னும் 11 பாக்கி. பார்சல் அனுப்பும்போது விறைப்புக்காக அடியில் ஒன்று வைக்கிறேன். அதையும் ஒருவர் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். மழை வரப்போகிற மாதிரி நன்றாக இருக்கிறதாம்.