ப்ரீதர் குழாயில் தொடங்கிய கொதிப்பு

எங்கள் வீட்டு அம்பாசடர் டீசல் வண்டி, 1489 சிசி எஞ்சினுடன் 1992-ஆம் ஆண்டு முதல் எங்களிடம் இருக்கிறது. சென்ற கோடையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகையில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாத நிலையில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு, பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் காத்திருந்தோம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர், மூடி திறந்த மறுகணமே முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான வார்ப்பிரும்பு ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது விரிசல் விடவும் கூடும்.

ஊர் திரும்பியதும் கிடைத்த முதல் ஆலோசனை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்பதுதான். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்ற எண்ணம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. இதை நான் ஏற்பதில்லை. எஞ்சின் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியை ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும் அந்தச் சிறு வால்வு இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகும். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் விரைவில் தேயும். அதைப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். கொதி வருவதற்கு முன்பே ஒழுங்காகத் திறந்தது.

அடுத்து, எஞ்சின் முழுவதும் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, காயவிட்டு, கசிவு எங்கே என்று காண, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரத்திலும் முன்மூடியான டைமிங் கவரின் அடியிலும் முகப்பவுடரைப் பூசி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். எண்ணெய் கீழே வழியும், ஃபேன் காற்றில் பின்னுக்கும் பரவும். ஆகையால் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. கிராங்க் புல்லிக்குப் பின்னால் பவுடர் பழுப்பாக நனைந்திருந்தது. அங்கே எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கசிய, சுழலும் புல்லி அந்த எண்ணெயை ஃபேன் பெல்ட்டின் மேல் வாரி இறைத்திருக்கிறது. பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல மினுமினுத்தது. வாட்டர் பம்பையும் ஃபேனையும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவியையும் சுழற்றுவது அந்தப் பெல்ட்தான். அது வழுக்கினால் ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் பயனில்லை. மலையேறும்போது சார்ஜ் லைட் மங்கலாக மினுங்கியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

சீல் ஏன் கசிந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டியிருந்தால் மீண்டும் அதே கதைதான். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாயைக் கழற்றினேன். உள்ளே கரும்பாகு போன்ற பசை, ஒரு பென்சில்கூட நுழைய இடமில்லை. ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழியின்றி, பலவீனமான சீலைத் தேடி எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்த பிறகு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஐடிலில் ஓடவிட்டபோது புகை அளவாகவே வந்தது. அப்போதும் குபுகுபுவென்று வந்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். எந்த சீலும் உதவாது.

ரேடியேட்டரை இறக்கிப் புல்லியை உருவிப் பார்த்தால், பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். அதனால் புதிய சீலை அதே ஆழத்துக்கு அடிக்காமல், உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி, 2 மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்தினேன். உதடு தேயாத பரப்பில் அமர்ந்தது. எண்ணெய் குடித்த ரப்பரைக் கழுவிப் பயனில்லை என்பதால் பெல்ட்டையும் மாற்றி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும்படி இழுத்துக் கட்டினேன்.

எஞ்சினின் அடியில் எண்ணெயை வடிக்கும் சம்ப் போல்ட்டின் செம்பு வாஷரை மட்டும் புதிதாக வாங்கவில்லை. அடுப்புத் தீயில் செக்கச்செவேல் என்று காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மிருதுவாகும். பழைய வாஷரே சொட்டாமல் பிடித்துக்கொண்டது.

கடந்த வாரம் அதே மலையில் ஏறினோம். முள் நடுவிலேயே நின்றது, சார்ஜ் லைட் எரியவில்லை. டேப்பட் கவரின் பின்மூலையில் மட்டும் இன்னும் ஈரம் தெரிகிறது. யாரோ அளவுக்கு மீறி முடுக்கியதில் அந்த விளிம்பு வளைந்திருக்கிறது. கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கிய பிறகே புதிய கார்க் கேஸ்கட் போட வேண்டும்.