ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், ஆனால் முடக்குவாதம் இல்லை

கைவிரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. காலையில் எழுந்ததும் பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம் போனால்தான் விரல் மடங்கும். மணிக்கட்டும் முழங்காலும் அப்படியே. அதற்குச் சில நாள் முன்னால் லேசான காய்ச்சல் வந்து போயிருந்தது, அப்புறம் கைகளிலும் தொடையிலும் வலை வலையாகச் சிவந்த தடிப்பு.

தடிப்பைப் பார்த்த தோல் மருத்துவர் ஒவ்வாமை என்றார். வீக்கத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் ஆர்.ஏ. ஃபேக்டர் கொஞ்சம் கூடுதலாக வந்தது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள பலருக்கு ரத்தத்தில் கூடியிருக்கும் பொருள் அது. "முடக்குவாதம் ஆரம்பிக்குது, மெத்தோட்ரெக்சேட் தொடங்கிடலாம்" என்றார். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அது, நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். மருந்தைத் தொடங்கும் முன் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று தொற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். இதை எழுதுவதே அவர் கேட்ட கேள்விகளுக்காகத்தான். இதே நிலையில் இருப்பவர்கள் விடைகளை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டால் பெரிய உதவி.

ரிப்போர்ட்டை அவர் கையில் வாங்கவே இல்லை. "அதை அப்புறம் பார்ப்போம். காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி, எது முதல்ல வந்தது? எத்தனை நாள் இடைவெளி?" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் கோடு போட்டுத் தேதி குறித்துக்கொண்டே வந்தார்.

அடுத்து, வலி எப்படிப் பரவியது? ஒரு மூட்டில் வந்து, அது குறைந்து, அடுத்த மூட்டுக்குத் தாவியதா, அல்லது எல்லா மூட்டிலும் சேர்ந்தே வந்ததா? தாவிக்கொண்டே போனால் ருமாட்டிக் காய்ச்சலை நினைக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வருவது அது. மூட்டு சரியாகிவிடும், இதய வால்வு கெட்டுப்போகலாம். ஆகவே தொண்டை வலி இருந்ததா என்று தனியாகக் கேட்டார். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, கொதித்து, அசைக்கவே முடியாமல் இருந்தால் கேள்வி பதிலுக்கெல்லாம் நேரமில்லை. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

தடிப்பைப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அதன் மேல் அழுத்தினார். சிவப்பு மறைந்தது. அழுத்தியும் மறையாமல் ஊதா நிறத்தில் நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு அப்படி இருந்தால் மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பாலுறவால் பரவும் சிஃபிலிஸின் இரண்டாம் கட்டத் தடிப்பு அங்கேயும் வரும். சீழ் வைத்த சிறு கொப்புளங்கள் சில மட்டும் இருந்து, தசைநாண்களும் வலித்தால் ரத்தத்தில் பரவிய கொனோரியாவாக இருக்கலாம். பாலுறவு பற்றியும் கூச்சமில்லாமல் கேட்டார், நானும் அப்படியே பதில் சொன்னேன். இந்த இடத்தில் மறைப்பவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகிற நோய்கள் இவை, மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கொசுக்கடி? சிக்குன்குன்யாவிலும் மூட்டு இதே போல வீங்கும், ஆனால் காய்ச்சல் திடீரென்று உச்சத்துக்குப் போகும். எனக்கு வந்தது லேசான காய்ச்சல். உண்ணி கடித்ததா? லைம் நோய் என்றால் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாக விரியும் சிவப்பு, மூட்டு வீக்கம் பெரும்பாலும் முழங்காலில். சிறுநீர் மஞ்சளாகப் போனதா? மஞ்சள் காமாலை வெளியே தெரியும் முன்பே ஹெபடைடிஸ் பி தடிப்பும் மூட்டு வலியுமாகத் தலைகாட்டுவதுண்டு. ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா? அந்த வைரஸ் காய்ச்சலிலும் தடிப்பும் மூட்டு வலியும் வரும்.

கடைசியாக, "குழந்தைங்களோட இருக்கீங்களா?"

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. சில வாரங்களுக்கு முன் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் கன்னத்தில் அறைந்தாற்போல் சிவந்து போய் வந்தார்கள். ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். பார்வோ வைரஸ் பி19.

1975-ல் ஹெபடைடிஸ் பி-க்காக ரத்த மாதிரிகளைச் சோதிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்ட வைரஸ் இது. பிள்ளைகளின் கன்னச் சிவப்புக்கு இதுதான் காரணம் என்று 1980களில்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அநேகமாகத் தடிப்போடு போய்விடும். பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மூட்டைப் பிடிக்கும். தடிப்பும் வீக்கமும் வைரஸ் நேராகச் செய்யும் சேதமல்ல. உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) வைரஸோடு சேர்ந்து படிவதால் வருபவை. அதனால்தான் காய்ச்சல் போன பிறகு இவை வருகின்றன. தடிப்பு தெரியும் நேரத்தில் மற்றவர்களுக்குப் பரவும் கட்டமும் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அதன் பிறகே ரிப்போர்ட்டைப் பார்த்தார். பார்வோ உட்படப் பல தொற்றுகளில் ஆர்.ஏ. ஃபேக்டர் தற்காலிகமாக ஏறுமாம். முடக்குவாதத்தைத் திட்டமாகச் சொல்ல ஆன்டி-சிசிபி என்ற சோதனை இன்னும் நம்பகமானது. வீக்கம் ஆறு வாரமாவது நீடிக்கிறதா என்பதும் முக்கியம். எனக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. ஆன்டி-சிசிபி நெகட்டிவ், பார்வோ ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வந்தது. ஹீமோகுளோபினையும் பார்த்தார், ஏனென்றால் இந்த வைரஸ் சிவப்பணு உற்பத்தியைச் சில நாள் நிறுத்திவிடும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அரிவாள் செல் நோய், தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு அதுவே உயிராபத்தாகலாம்.

வைரஸுக்கென்று மருந்து கிடையாது. வலிக்கு நேப்ராக்ஸன், அவ்வளவுதான். சிக்குன்குன்யா இருக்கும் இடத்தில் டெங்குவும் இருக்கக்கூடும், அது இல்லை என்று உறுதியாகும்வரை நேப்ராக்ஸன், ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரைகளைத் தொடக் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான் என்றும் சொன்னார். என் வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. காலை இறுக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு போனது. மூட்டுக்குச் சேதம் எதுவும் இல்லை.

நான் கிளம்பும்போது, "வீட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்களா?" என்றார். என் தங்கைக்கு அப்போது நான்காம் மாதம். காய்ச்சல் இருந்த நாட்களில் எங்களோடுதான் இருந்தாள். கர்ப்பத்தின் முதல் பாதியில் இந்தத் தொற்று வந்தால் கருவுக்குக் கடும் ரத்தசோகை உண்டாகலாம், உடலெங்கும் நீர் கோக்கலாம். "பயப்பட வேண்டாம், ஆனா நாளைக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சின்ன வயதிலேயே வந்து போய் எதிர்ப்புச் சக்தி இருக்கும். தங்கைக்கு ஐஜிஜி (பழைய தொற்றுக்குப் பிறகும் நிற்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். பழைய தொற்று, பாதுகாப்பு இருக்கிறது. இரண்டும் நெகட்டிவ்வாக வந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் வாரா வாரம் ஸ்கேன்.

மறுநாள் பள்ளிக்கு போன் செய்து, அந்த வகுப்புகளுக்கு வரும் ஆசிரியைகளில் கர்ப்பிணிகள் இருவருக்கும் இதே பரிசோதனையைச் சொல்லச் சொன்னேன்.