உலான்பாத்தரில் இறுகிய முடிச்சு

24 டிசம்பர் 2023, ஞாயிறு

1955-இல் இதே தேதியில்தான் இந்தியாவும் மங்கோலியாவும் தூதரக உறவு வைத்துக்கொண்டன. சோவியத் முகாமுக்கு வெளியே முதலில் கைநீட்டிய நாடு நம்முடையது. ஞாயிறு என்பதால் விழா ஏதும் இல்லை. மங்கோலியத் தலைநகரான இந்த உலான்பாத்தரில் இருக்கும் பெதுப் பௌத்த மடாலயத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

அதை நிறுவியவர் நான் வேலை பார்க்கும் இந்தியத் தூதரகத்தின் பழைய தூதர், லடாக்கைச் சேர்ந்த லாமா குஷோக் பகுலா ரின்போச்சே. எங்களையெல்லாம் இந்த மாதிரிக் கஷ்டமான ஊரில் இரண்டு வருஷம் வைத்துவிட்டு வேறு இடம் மாற்றிவிடுவார்கள். அவர் 1990 முதல் 2000 வரை இருந்தார். வந்த நேரம் அப்படி: கம்யூனிஸ்ட் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. 1930-களில் ஆயிரக்கணக்கான பிக்குகளைக் கொன்று மடாலயங்களை இடித்திருந்த நாடு மறுபடி மணியடிக்கக் காத்திருந்தது. போராட வந்த இளைஞர்கள் அவரிடம் ஆசி கேட்டார்களாம். மந்திரித்த கயிறு கொடுத்து, கைகலப்பு மட்டும் வேண்டாம் என்றாராம். இதைச் சொல்லாத ஆளை நான் இங்கே பார்த்ததில்லை. மக்கள் அவருக்கு வைத்த பெயர் எல்சின் பக்‌ஷ். எல்சின் என்றால் தூதர், பக்‌ஷ் என்றால் ஆசான்.

காய்கறிக் கடையில் இந்தியத் தூதரகம் என்று சொன்னால் போதும், “எல்சின் பக்‌ஷ் இருந்த இடமா?” என்பார்கள். ஆமாம் அம்மா, அதே இடம்தான். நான் அங்கே விசா, கணக்கு, கட்டட வாடகை, ஐடெக் (வெளிநாட்டினருக்கு இந்தியா தரும் பயிற்சித் திட்டம்) பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்கள், அப்புறம் வெந்நீர்க் குழாய் வெடித்தால் ஆள் பிடிப்பது, இவற்றைப் பார்க்கிறேன்.

15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கல். சூரியன் வர எட்டரை மணி ஆகிவிட்டது. வந்ததும் பெயருக்குத்தான், நிலக்கரிப் புகைக்குப் பின்னால் அம்மை போட்ட ரூபாய் நாணயம் மாதிரி.

பால் வாங்க டிரைவர் அண்ணன் சந்தைக்கு அழைத்துப் போனார். வயதில் மூத்த ஆண்களை இங்கே ‘அஹா’ என்றுதான் கூப்பிட வேண்டும், நம் ‘அண்ணே’ போல. குளிர்காலத்தில் பாலைக் கிண்ணத்தில் உறைய வைத்துக் கட்டியாக விற்கிறார்கள். பையில் போட்டுத் தூக்கி வரலாம், சிந்தாது. அந்த வெள்ளைக் கட்டியைக் குக்கர் பாத்திரத்தில் போட்டு அடுப்பை மூட்டினேன். ஒரு பக்கம் உருகி, மறுபக்கம் கல்லாய் நின்று, கட்டி பாத்திரத்துக்குள் மெல்லச் சுழன்றது. அரை மணி நேரம் கழித்துத்தான் பொங்கியது. நான் மட்டும் ‘பொங்கலோ பொங்கல்’ என்றேன். கேமராவுக்கு அந்தப் பக்கம் சென்னையில் மகள் சிரித்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு. இந்தப் புகையில் வைத்துக்கொள்ள முடியாது என்று போன அக்டோபரில் அவளையும் என் மனைவியையும் அனுப்பிவிட்டேன்.

வெல்லம் போன விடுமுறையில் பெட்டியில் கொண்டுவந்தது. தூதரகப் பையில் வரவழைத்தீர்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் காகிதம்தான் வரும்.

26 ஜனவரி, வெள்ளி

கொடிக்குள் பூவிதழ் வைத்து மடித்து முடிச்சுப் போடுவது என் பொறுப்பு. சுண்டி இழுத்தால் அவிழ வேண்டும், அதற்கு முன்னால் அவிழக் கூடாது. தில்லியில் பயிற்சியின்போது இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. இன்று காலை காரின் வெப்பமானி மைனஸ் 27 காட்டியது. கையுறையோடு முடிச்சு வரவில்லை. கழற்றினேன். நாற்பது நொடிதான் இருக்கும். விரல் நுனிகள் இப்போது, இரவு பத்து மணிக்கும், காகிதத்தைத் தொட்டால் தெரிவதில்லை.

ஒன்பது மணிக்குத் தூதர் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். கயிறு கம்பியாகி நின்றது. என் மூச்சில் இருந்த ஈரமே முடிச்சில் உறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வாயால் ஊதித்தானே கட்டினேன். மூன்றாவது இழுப்பில் கொடி விரிந்தது. ரோஜா இதழ்கள் பறக்கவில்லை. சோளப்பொரி கொட்டியது போல ‘பொடபொட’ என்று விழுந்தன. ஒரு குழந்தை குனிந்து ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தது.

தேசிய கீதம் முடிந்ததும் எல்லாரும் உள்ளே ஓடினோம். குடியரசுத் தலைவரின் உரையை முழுதாக வாசிக்க வேண்டும், அது நீளமானது. வெளியே நின்று கேட்டிருந்தால் பாதிப் பேரை மருத்துவமனைக்குத்தான் அனுப்பியிருப்போம். தூதர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சமோசாத் தட்டை நீட்டும்போது மட்டும் “நல்ல பலமான முடிச்சு” என்றார்.

11 பிப்ரவரி, ஞாயிறு

மங்கோலியப் புத்தாண்டான சகான் சார், இரண்டாம் நாள். நேற்று மட்டும் நான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கடுக்காய் ரொட்டி, அதன்மேல் தயிர்க்கட்டி, அப்புறம் கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வெந்த பூஸ், உள்ளே ஆட்டிறைச்சி. ஆயிரக்கணக்கில் செய்து பால்கனியில் உறைய வைத்துவிடுகிறார்கள். நான் அசைவம்தான். ஆனாலும் மிளகும் மிளகாயும் எட்டிப் பார்க்காத ஆட்டை இருபதாவது தடவை சிரித்த முகத்தோடு விழுங்குவதற்குத் தனியாகப் படி தர வேண்டும்.

வணக்கம் சொல்லும் முறை அழகு. மூத்தவரின் முழங்கைகளை இளையவர் கீழிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும். அஹாவின் மாமா நீலப் பட்டு அங்கியில் உட்கார்ந்திருந்தார், எண்பதுக்கு மேல் வயது. மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். முகர்ந்து திருப்பிக் கொடுத்தேன்.

“கங்கைக்குப் பக்கத்திலா உன் ஊர்?”

இங்கே கங்கை என்றால் தனி மரியாதை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். தஞ்சாவூர்க்காரனுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆறு காவிரி என்றேன்.

“அது உறையுமா?”

“உறையாது. சில வருஷம் வற்றிப்போகும்.”

மொழிபெயர்த்ததும் அவர் என்னை நெடுநேரம் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு பூஸ் எடுத்து என் தட்டில் வைத்தார்.

28 பிப்ரவரி, புதன்

தில்லிக்கு ஜூத் பற்றி ஓர் அறிக்கை. மந்தைகளை அழிக்கும் குளிர்காலப் பேரிடருக்கு இங்கே அதுதான் பெயர். ஆழப் பனி விழுந்து புல் மூடினால் வெள்ளை ஜூத். பனி உருகி மறுபடி உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத தகடாகிவிட்டால் இரும்பு ஜூத். இரண்டிலும் மந்தை பட்டினியில் சாகிறது. இந்தக் குளிரில் லட்சக்கணக்கில் போய்விட்டன. இதையெல்லாம் ‘கடும் குளிர்காலம்’ என்று ஒரு வரியில் அடக்கினால் படிப்பவர் கம்பளி வாங்கச் சொல்லுவார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதைச் சுருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அஹாவின் தம்பி மேய்ச்சல்காரர். எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வாரம் அஹா தன் மூன்று மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைக்குமா என்று கேட்டார். விதியில் இடமில்லை. என் கையிலிருந்து கொடுத்தேன்.

5 மார்ச், செவ்வாய்

ஒரு பள்ளியில் பரிசளிப்பு. தலைமை ஆசிரியை வழக்கம்போல எல்சின் பக்‌ஷிலிருந்து ஆரம்பித்தார். சரி, இன்னும் இருபது நிமிடம் என்று சுவரைப் பார்த்தேன். சூரியக் குடும்பப் படம் ஒன்று தொங்கியது. இங்கே மங்கோலிய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்தில் நான் இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில்தான். சிவப்புக் கோளின் கீழே கூட்டினேன்: அங்... க... ராக்.

அங்காரகன்!

மற்றதையும் வேகமாகத் தேடினேன். புத், சுகர், பர்ஹஸ்பத், சான்சிர். புதன், சுக்கிரன், பிரகஸ்பதி, சனைச்சரன். கும்பகோணத்தைச் சுற்றி வண்டி வைத்துப் பாட்டி கூட்டிப் போன ஒன்பதில் ஐந்து இங்கே வரிசையாகத் தொங்குகின்றன. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் பௌத்த நூல்களோடு மலையும் பாலையும் கடந்து வந்து சேர்ந்தவை. இவற்றுக்கு நாங்கள் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை, விருந்தும் வைக்கவில்லை.

பரிசு கொடுத்து முடிந்ததும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முன்வரிசைப் பெண் எழுந்து என் ‘பர்ஹஸ்பத்’தைத் திருத்தினாள். மூன்று தடவை சொல்லவைத்துத்தான் உட்கார்ந்தாள்.

இரவு மகளிடம் சொன்னேன்.

“ராகு, கேது இருக்காப்பா?”

“படத்தில் இல்லை கண்ணு.”

“பாட்டி கேக்கச் சொன்னாங்க.”

நாளைக்கு அஹாவிடம் கேட்க வேண்டும்.